முடிவை மாற்றச் சொன்னவர்களுக்கு

சனிக்கிழமை மும்பை மாட்டுங்காவில் நம் பிள்ளைகள் போட்ட நாடகத்தில் என்ன நடந்தது என்று இங்கே பாதிப் பேருக்குத் தெரியும். வராதவர்களுக்கும் வாட்ஸ்அப்பில் விஷயம் வந்து சேர்ந்திருக்கும். அதனால் நேராகவே கேட்கிறேன். நாடகத்தின் கடைசியில் ஒரு மனைவி வீட்டை விட்டுப் போகிறாள். அடுத்த முறை செம்பூரில் போடும்போது அவள் போகக் கூடாதாம். வாசல்வரை போய்விட்டுத் திரும்பிவிட வேண்டுமாம். குடும்பத்தோடு வருகிறவர்கள் மனசு நோகக் கூடாதாம்.

சரி. முதல் ஒன்றரை மணி நேரம் உங்கள் மனசு ஏன் நோகவில்லை?

மூன்று வீட்டுக் கதை அது. அந்த மூன்றாவது வீட்டில் கணவன் மனைவியிடம் பேசுவதே இல்லை. மகனை நடுவில் நிறுத்தி, "அம்மாகிட்ட சொல்லு, சாம்பார்ல உப்பு இல்லை" என்கிறான். அவள் இரண்டடி தள்ளித்தான் நிற்கிறாள். எல்லாம் காதில் விழுகிறது. ஆனாலும் பையன் திரும்பி வந்து சொல்லும்வரை காத்திருக்கிறாள். அரங்கமே சிரித்தது, கைதட்டியது. அப்போது யாரும் எழுந்து "இது குடும்ப நாடகமா?" என்று கேட்கவில்லை. கடைசியில் அவள் சாவிக்கொத்தை மேசையில் வைத்துவிட்டுச் செருப்பை மாட்டியதும்தான் முன்வரிசையில் ஒரு பெரியவருக்குக் கோபம் வந்தது, எழுந்து பேசினார்.

எனக்கு அந்த இடத்தில் சிரிப்பு வரவில்லை. அந்தப் பையனின் வேலையை நான் பார்த்திருக்கிறேன். பள்ளி விடுமுறைக்குச் சித்தி வீட்டுக்குப் போவேன். ஒன் ரூம் கிச்சன் வீடு. சித்தப்பா குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார், ஆபீசில் நல்ல பெயர். சித்தியிடம் மட்டும் பேச மாட்டார். "சட்டையில பட்டன் போயிடுச்சுன்னு உங்க சித்திகிட்ட சொல்லு" என்பார். சித்தி அங்கேயே அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருப்பாள். நான் போய்ச் சொன்ன பிறகுதான் எழுந்து ஊசி நூலை எடுப்பாள். தைத்த சட்டையை என்னிடம் தருவாள், நான் அவரிடம் தர வேண்டும். சொந்தக்காரர்கள் எல்லோரும் சொன்னது ஒன்றே ஒன்று: "தங்கமான மனுஷன், அவளுக்கு என்ன குறை?"

பரஸ்பர சம்மதத்தோடு பிரியலாம் என்று இந்து திருமணச் சட்டத்தில் 1976இலேயே சேர்த்துவிட்டார்கள். சித்தி காலத்திலும் அது இருந்தது. அவளிடம் அதை எடுத்துச் சொல்லத்தான் ஓர் ஆள் இல்லை. சொல்லியிருந்தாலும் போயிருப்பாளா, எனக்குத் தெரியாது. கடைசிவரை அந்த வீட்டில்தான் இருந்தாள். அவள் இறந்த பிறகு, திதிக்கு என்ன சமைக்கலாம் என்று பேச்சு வந்தபோது சித்தப்பா என் அம்மாவிடம் கேட்டார்: "அவளுக்கு என்ன பிடிக்கும்?"

இப்படி நிலைத்த கல்யாணத்தைத்தான் நல்ல முடிவு என்கிறீர்கள்.

"அப்போ எல்லோரும் விவாகரத்து செய்யணுமா?" என்று கேட்பார்கள். நாடகத்தை ஒழுங்காகப் பார்த்தீர்களா? முதல் இரண்டு வீட்டுப் பெண்களும் போகவில்லை. கடனை மறைத்த கணவனோடு அவன் மனைவி விடியவிடிய உட்கார்ந்து கணக்குப் பார்க்கிறாள். அவ்வளவு அழகான காட்சியைப் பற்றி ஒருவர்கூடப் பேசவில்லை. மூன்று பேரில் ஒருத்தி போனாள், அவளைத்தான் திருப்பிக் கூட்டிவரச் சொல்கிறீர்கள். ஆண்களுக்கும் கஷ்டம் உண்டே என்றால், உண்டு. அதே கடன் காட்சியில் அழுதது ஆண்தான்.

அப்புறம் பண்பாடு. வீட்டு விஷயத்தை மேடையில் பேசுவது நம் வழக்கம் இல்லையாம். சிலப்பதிகாரம் வேறு எதைப் பேசுகிறது? கல்யாணத்தோடு தொடங்கி, கணவன் மாதவி வீட்டுக்குப் போய்ச் சொத்தை எல்லாம் தொலைத்த கதைதானே? கண்ணகி பொறுத்தாள் என்பீர்கள். பொறுத்தவள்தான் மதுரையை எரித்தாள்.

முடிவை மாற்றச் சொல்வது புதிதும் இல்லை. நார்வே நாடகாசிரியர் இப்சனின் 'பொம்மை வீடு' 1879இல் வந்தது. அதிலும் கடைசியில் மனைவி நோரா வீட்டை விட்டுப் போகிறாள். ஜெர்மனியில் நோராவாக நடிக்க வேண்டிய நடிகை, குழந்தைகளை விட்டுப் போவதாக நடிக்க மாட்டேன் என்று மறுத்துவிட்டார். வேறு யாராவது கைவைப்பதற்கு முன் தானே செய்துவிடுவோம் என்று நோரா போகாமல் தங்கிவிடும் மாற்று முடிவை இப்சன் எழுதிக் கொடுத்தார், அதைக் காட்டுமிராண்டித்தனம் என்று அவரே சொல்லவும் செய்தார். இன்றைக்கும் நோரா கதவைச் சாத்திவிட்டுப் போகும் முடிவுதான் நிற்கிறது. அவ்வளவு தூரம் ஏன்? 1972இல் நம் மும்பையிலேயே மராத்தி நாடகாசிரியர் விஜய் தெண்டுல்கரின் 'சகாராம் பைண்டர்' மேடையேறியது. கணவனைப் பிரிந்த பெண்களைத் தன் வீட்டில் வைத்துக்கொள்ளும் ஒருவனைப் பற்றிய நாடகம். தணிக்கைக் குழு தடுத்தது, இயக்குநர் கமலாகர் சாரங் நீதிமன்றம் போய் ஜெயித்தார். நம் பிள்ளைகள் ஆபீஸ் முடிந்து லோக்கல் ரயில் பிடித்து, இரவு பதினோரு மணிவரை ஒத்திகை பார்க்கிறவர்கள். அவர்கள் எந்தக் கோர்ட்டுக்குப் போவார்கள்? சபா தேதி தரவில்லை என்றால் நாடகமே இல்லை. அது தெரிந்துதான் கேட்கிறீர்கள்.

பெரியவர் பேசியதுகூட எனக்கு அவ்வளவு வலிக்கவில்லை. என் வரிசையில் சித்தி வயதில் ஓர் அம்மா, எனக்கு நன்றாகத் தெரிந்தவர், "இத்தனை வருஷம் பொறுத்தவ, இன்னும் கொஞ்சம் பொறுக்கக் கூடாதா?" என்று சொல்லிக் கைதட்டினார். எதுவரைக்கும் பொறுக்க வேண்டும்? திதிவரைக்குமா? அதற்குப் பிறகு அவர் முகத்தைப் பார்க்கவே என்னால் முடியவில்லை.

வெளியே வரும்போது கழிப்பறை வரிசையில் முன்பின் தெரியாத ஒரு பெண் என்னிடம், "செம்பூர்ல என்னிக்கு? எங்க அக்காவைக் கூட்டிட்டு வரணும்" என்றாள். வேறு எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. தேதியைச் சொல்லி, நம்பரும் கொடுத்திருக்கிறேன்.

கமிட்டியில் இருக்கிறவர்கள் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். எந்த முடிவைப் போடப்போகிறீர்கள் என்று டிக்கெட் விற்பதற்கு முன்பே அறிவித்துவிடுங்கள். அந்தப் பெண்ணுக்கு நான் போன் செய்து சொல்ல வேண்டும்.