மாய் வெறும் உச்சரிப்பு வேறுபாடு இல்லை

"சோமாலியாவில் எல்லோருக்கும் ஒரே மொழி, மாய் என்பது பைதோவா பக்கத்துக் கிராமத்து உச்சரிப்பு, அவ்வளவுதான்" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். முதல் பாதியை ஓரளவு ஏற்கலாம். இரண்டாவது பாதி தவறு. மாய் என்பது தெற்கு சோமாலியாவில், பைதோவா நகரைச் சுற்றிலும் அதற்கு அப்பாலும் பேசப்படுவது.

1972-இல் லத்தீன் எழுத்தை அரசு ஏற்றபோது அடிப்படையாக இருந்தது சோமாலியின் இன்னொரு பெரிய வழக்கான மஹா, அதிலும் வடக்கு, மத்தியப் பகுதிப் பேச்சு. அரபியின் ஐன் போலத் தொண்டையை இறுக்கிச் சொல்லும் ஒலிக்கு அதில் 'சி' என்ற எழுத்தைக் கொடுத்தார்கள், அழுத்தமான ஹகரத்துக்கு 'எக்ஸ்'. மாயில் இந்த இரண்டு ஒலிகளும் கிடையாது. மறுபக்கம், மாய்க்காரர்கள் சொல்லும் ஞகரத்துக்கு அந்த நெடுங்கணக்கில் தனி எழுத்தே இல்லை! இலக்கணத்திலும் வேறுபாடுகள் உண்டு.

மாய் பேசுபவர்களில் பலர் வானொலி, பள்ளிக்கூடம் வழியாக மஹாவைப் பழகிக்கொண்டவர்கள். அதைப் பார்த்துத்தான் 'எல்லோருக்கும் புரிகிறதே' என்று தோன்றுகிறது. ஆனால் வடக்கே, மஹா பேசும் ஹர்கேசா நகரிலிருந்து வருபவருக்குப் பழக்கமில்லாமல் மாய் பேச்சைத் தொடர்வது சிரமம். அமெரிக்காவில் குடியேறிய சோமாலி பாண்டு (தெற்கு சோமாலியாவின் ஒரு சிறுபான்மை இனம்) அகதிகளில் பலர் மாய் மட்டுமே நன்றாகத் தெரிந்தவர்கள். அவர்களுக்கு மருத்துவமனையில் 'சோமாலி' மொழிபெயர்ப்பாளர் என்று மஹாக்காரரைக் கூட்டி வந்து உட்காரவைத்தால் என்ன ஆகும், யோசித்துப் பாருங்கள்.

தனி மொழியா, வழக்கா என்பதில் மொழியியலாளர்களே ஒத்துப்போகவில்லை. அந்தச் சண்டைக்கு நான் வரவில்லை. ஆனால் 2012 தற்காலிக அரசியலமைப்பின் 5-ஆம் பிரிவு, ஆட்சிமொழி சோமாலி என்று சொல்லும் இடத்திலேயே மாய், மஹா இரண்டையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது.