கோஸ்டா ரிக்கா: படையைக் கலைத்தது பாதிக் கதைதான்

மத்திய அமெரிக்க நாடான கோஸ்டா ரிக்காவைப் பற்றி யார் எழுதினாலும் "படை இல்லாத நாடு" என்ற ஒரே வரியில் தொடங்கி அதிலேயே முடித்துவிடுகிறார்கள். 1948 டிசம்பர் 1 அன்று, தலைநகர் சான் ஹோசேயில் இருந்த பெயாவிஸ்தா படைமுகாமின் மதிலை அப்போதைய ஆட்சித் தலைவர் ஹோசே ஃபிகேரஸ் சம்மட்டியால் அடித்து, இனி இந்த நாட்டுக்கு ராணுவம் கிடையாது என்று அறிவித்தது உண்மை. அந்தக் கட்டடத்தில் இன்று தேசிய அருங்காட்சியகம் இயங்குகிறது. ஆனால், அக்கம்பக்கத்து நாடுகளிலிருந்து கோஸ்டா ரிக்காவை வேறுபடுத்தியது அந்தச் சம்மட்டி மட்டுமல்ல என்றும், அதைவிடப் பெரிய முடிவு ஒன்று அதே மாதங்களில் ஓசையின்றி எடுக்கப்பட்டது என்றும் நான் கருதுகிறேன்.

1940 முதல் 1944 வரை அதிபராக இருந்த மருத்துவர் கால்தெரோன் குவார்தியா, கத்தோலிக்கப் பேராயர் சனாப்ரியாவையும் கம்யூனிஸ்ட் தலைவர் மனுவேல் மோராவையும் ஒரே அணியில் சேர்த்துக்கொண்டு, 1941இல் சமூகக் காப்பீட்டு நிறுவனத்தையும் 1943இல் தொழிலாளர் சட்டத் தொகுப்பையும் கொண்டுவந்தார். 1948 தேர்தல் முடிவை, அவருடைய அணியின் பெரும்பான்மை கொண்ட நாடாளுமன்றம் செல்லாததாக்கியபோது, அந்த அணிக்கு எதிராக ஆயுதம் ஏந்தியவர்தான் ஃபிகேரஸ். 44 நாள் நடந்த உள்நாட்டுப் போரில் ஏறத்தாழ 2,000 பேர் மாண்டார்கள். வென்றவர் தோற்றவரின் சட்டங்களைக் குப்பையில் போடுவார் என்றுதான் எவரும் எதிர்பார்த்திருப்பார்கள். ஃபிகேரஸோ அவற்றில் கைவைக்கவில்லை. நான் சொன்ன ஓசையற்ற முடிவு இதுதான். 1949 அரசமைப்புச் சட்டம், படையை ஒழிக்கும் 12ஆம் பிரிவுடன், எதிரி கொண்டுவந்த சமூக உத்தரவாதங்களையும் சேர்த்தே காத்துக்கொண்டது. வங்கிகள் நாட்டுடைமையாயின, பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்தது, 18 மாதங்கள் ஆண்ட பிறகு, அந்த 1948 தேர்தலில் வென்றிருந்த ஒதிலியோ உலாத்தேயிடம் ஃபிகேரஸ் ஆட்சியை ஒப்படைத்தார். கம்யூனிஸ்ட் கட்சி தடைசெய்யப்பட்டதும், தோற்ற அணியின் தலைவர்கள் நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்ததும் இதே வரலாற்றின் கறைகள். அவற்றை மறைத்துவிட்டு ஃபிகேரஸைப் போற்ற எனக்கு மனமில்லை.

இதனோடு குவாத்தமாலாவை வைத்துப் பாருங்கள். அங்கும் 1947இல் தொழிலாளர் சட்டம் வந்தது. 1952இல் அதிபர் ஆர்பென்ஸ் நிலச் சீர்திருத்தம் கொண்டுவந்து, தரிசாகக் கிடந்த பெருநிலங்களை உழவர்களுக்குப் பிரித்துக் கொடுத்தார். 1954இல் அமெரிக்க உளவுத்துறையின் துணையோடு ஆட்சியைப் பிடித்த காஸ்தியோ அர்மாஸ் முதலில் செய்தது அந்தச் சீர்திருத்தத்தை நீக்கியதும், கொடுத்த நிலங்களைப் பிடுங்கியதும்தான். 1960 முதல் 1996 வரை நீண்ட உள்நாட்டுப் போரில் அங்கே 2 லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள் அல்லது காணாமல் போனார்கள். அவர்களில் பெரும்பாலோர் மாயா பழங்குடி மக்கள்.

அமெரிக்காவின் பாதுகாப்புக் குடை இருந்ததால்தான் கோஸ்டா ரிக்காவால் படையைக் கலைக்க முடிந்தது என்பார்கள். அதில் உண்மை உண்டு. 1955இல் நிக்கராகுவா பக்கமிருந்து படையெடுப்பு வந்தபோது அமெரிக்கா முன்னின்ற, அமெரிக்கக் கண்ட நாடுகளின் அமைப்புதான் கைகொடுத்தது. ஆனால் ஹோண்டுராஸும் அதே குடையின் கீழ்தான் இருந்தது. அங்கே 1963 முதல் 1982 வரை பெரும்பாலும் ராணுவமே ஆண்டது. குடை பகைவனைத் தடுக்கும். பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் கட்டித் தராது.

காஹா என்று மக்கள் அழைக்கும் அந்தக் காப்பீட்டு நிறுவனத்தைத்தான் நான் இந்த வரலாற்றின் நடுவே வைப்பேன். ஸ்பானிய மொழியில் அந்தச் சொல்லுக்குப் பெட்டி என்று பொருள். தொழிலாளியும் முதலாளியும் அரசும் அதில் பணம் போடுகிறார்கள். தொடக்கத்தில் நகரத்துத் தொழிலாளர்களுக்கு மட்டுமே பயன்பட்ட அது, 1961இல் அனைவருக்கும் விரிவாக்கப்பட வேண்டும் என்று அரசமைப்புத் திருத்தத்தால் பணிக்கப்பட்டது; 1970களில் அரசு மருத்துவமனைகளும் அதன் பொறுப்பில் வந்தன. 1990களின் நடுவிலிருந்து, சில ஆயிரம் பேருக்கு ஒரு குழு என்ற கணக்கில் மருத்துவரும் செவிலி உதவியாளரும் களப்பணியாளரும் அமர்த்தப்பட்டார்கள். அந்தக் களப்பணியாளர் வீடு வீடாகச் சென்று தடுப்பூசிக் கணக்கைப் பார்க்கிறார், இரத்த அழுத்தத்தை அளக்கிறார். அமெரிக்காவைவிடப் பல மடங்கு குறைந்த வருமானமுள்ள ஒரு நாட்டில் சராசரி ஆயுள் 80 ஆண்டை ஒட்டி நிற்பதற்கு, இந்தக் கதவு தட்டும் வேலைதான் முதன்மையான காரணம் என்பது என் உறுதியான எண்ணம்.

அதனால்தான் இப்போது நடப்பது என்னை வருத்துகிறது. கல்விக்கு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 8 விழுக்காடு ஒதுக்க வேண்டும் என்று 2011இல் அரசமைப்பையே திருத்திய நாடு, அந்த அளவை எட்டாததோடு அண்மை ஆண்டுகளில் அதைவிட்டு மேலும் விலகிச் சென்றிருக்கிறது. 2023இல் 900க்கும் மேற்பட்ட கொலைகள் நடந்தன. அந்நாட்டில் அதுவரை ஓர் ஆண்டில் இத்தனை கொலைகள் பதிவானதில்லை. போதைப்பொருள் கடத்தல் கும்பல்களின் கை ஓங்கியிருக்கும் லிமோன் துறைமுகப் பகுதியில், வேலையும் படிப்பும் இல்லாத இளைஞர்களைத்தான் அந்தக் கும்பல்கள் முதலில் தேடி வருகின்றன. காஹாவுக்கு அரசு தர வேண்டிய பங்கோ ஆண்டுக்கு ஆண்டு நிலுவையாகவே சேர்ந்துகொண்டிருக்கிறது. எதிரி தொடங்கிய பெட்டி என்று தெரிந்தும் 1949இல் அதைக் காப்பாற்றியவர்களின் நாட்டில், இன்று அதை நிரப்ப வேண்டியவர்களே காலம் தாழ்த்துகிறார்கள்.