எல்லா ஆண்டும் கணக்கு சரியாகத்தான் இருந்தது

நகராட்சிக் கணக்கு, ஆண்டுத் தணிக்கை என்று பேச்செடுத்தாலே பலருக்குக் கொட்டாவி வந்துவிடும். அவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது டிக்சன் விவகாரத்தைத்தான்.

டிக்சன், அமெரிக்காவின் இல்லினாய்ஸ் மாநிலத்தில், சிகாகோவுக்கு மேற்கே சுமார் 100 மைல் தள்ளி இருக்கும் சின்ன ஊர். மக்கள்தொகை ஏறக்குறைய 16,000. ரொனால்ட் ரீகன் சிறுவயதில் வளர்ந்த ஊர் என்பதுதான் அதன் ஒரே பெருமை. 2012 ஏப்ரலில் அந்த நகராட்சியின் நிதிப் பொறுப்பாளர் ரீட்டா கிரண்ட்வெல்லை எஃப்.பி.ஐ. கைது செய்தது. 1990 கடைசியில் தொடங்கி அவர் சுருட்டியது 5 கோடியே 37 லட்சம் டாலர். ஊரார் தலையில் பங்குபோட்டால், கைக்குழந்தை உட்பட, ஆளுக்கு 3,300 டாலருக்கு மேல் வரும்.

இதைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாம் குதிரைகளிடம் போய்விடுவார்கள். அதுவும் சுவாரசியம்தான், மறுக்கவில்லை. சுமார் 80,000 டாலர் ஆண்டுச் சம்பளம் வாங்கியவரிடம் 400 குதிரைகள் இருந்தன. குதிரைக் கண்காட்சிகளில் உலக சாம்பியன் பட்டங்கள். போய்வர 20 லட்சம் டாலருக்கு மேல் விலையுள்ள சொகுசு வண்டி. தேன் எடுத்தவன் புறங்கையை நக்காமல் இருப்பானா என்பார்கள். இவர் தேனடையையே தூக்கிக்கொண்டு போயிருக்கிறார். ஆனால் என்னை உறுத்துவது வேறு. இந்த இருபது ஆண்டுகளிலும் டிக்சனில் ஆண்டுத் தணிக்கை ஒழுங்காக நடந்தது. ஒவ்வோர் ஆண்டும் அறிக்கை வந்தது, கணக்கு சரி என்று ஆடிட்டர் கையெழுத்தும் விழுந்தது.

திருட்டு ஒன்றும் மூளையைக் கசக்கும் வித்தை இல்லை. 1990 டிசம்பரில் அவர் ஒரு வங்கிக் கணக்கு திறந்தார். பெயரில் டிக்சன் நகரமும் இருக்கும், கூடவே ஆர்.எஸ்.சி.டி.ஏ. என்று ஐந்தெழுத்தும் இருக்கும். பார்த்தால் ஏதோ சாக்கடைத் திட்டத்துக்கான சேமநிதி போலத் தெரியும். அதில் கையெழுத்துப் போடுகிறவர் அவர் ஒருவர்தான். நகராட்சியின் மற்ற கணக்குகளில் வரும் வரிப்பணத்தை முதலில் மூலதன நிதிக் கணக்குக்கு மாற்றுவார். அங்கிருந்து 'பொருளாளர்' என்று மட்டும் எழுதி காசோலை போடுவார். பொருளாளர் யார்? அவரேதான். காசோலை ரகசியக் கணக்கில் போய் விழும். செலவுக்கு ஆதாரம் வேண்டுமே, அதற்கு மாநில அரசு அனுப்பியது போலப் பொய் பில். 20 ஆண்டுகளில் இப்படி நூற்றுக்கும் மேற்பட்ட பில்கள். மாநிலப் போக்குவரத்துத் துறைக்கு ஒரே ஒரு போன் போட்டு, "இந்த வேலை நடந்ததா, இந்தப் பணம் உங்களுக்கு வந்ததா?" என்று யாராவது கேட்டிருந்தால் கதை அன்றைக்கே முடிந்திருக்கும். யாரும் கேட்கவில்லை.

சரி, ஆடிட்டர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? இங்குதான் எனக்குக் கோபம் வருகிறது. பல ஆண்டுகள் தணிக்கை செய்தது ஒரு பெரிய நிறுவனம். அதே நிறுவனம் நகராட்சியின் கணக்கு வேலைகளையும் பார்த்தது. கிரண்ட்வெல்லின் சொந்த வருமான வரிக் கணக்கையும் அதுவே தயாரித்துக் கொடுத்தது. பிற்பாடு தணிக்கைக் கையெழுத்து உள்ளூர் ஆடிட்டர் ஒருவருக்குப் போனது. கணக்கு வேலை பழைய இடத்திலேயே தொடர்ந்தது. தான் எழுத உதவிய கணக்கைத் தானே சோதித்தால் எப்படி இருக்கும்? தான் திருத்திய விடைத்தாளுக்குத் தானே மறுமதிப்பீடு செய்கிற வாத்தியாரிடம் போய் நியாயம் கேட்க முடியுமா?

தணிக்கைத் துறையில் இருக்கும் நண்பர்கள் சொல்லும் பதில் எனக்குத் தெரியும். "நாங்கள் மாதிரிக்குச் சிலவற்றை எடுத்துத்தான் பார்ப்போம், ஒவ்வொரு வவுச்சரையும் புரட்ட முடியாது. திருட்டைக் கண்டுபிடிப்பது மட்டுமே எங்கள் வேலை இல்லை." பொதுவாக இது நியாயமான பதில்தான். பெரிய மாநகராட்சியில் ஒரு தெருவிளக்குப் பில் தப்பிப்போனால் நானும் இதை ஏற்றுக்கொள்வேன். ஆனால் டிக்சனில் 2008 என்ற ஒரே ஆண்டில் மட்டும் 58 லட்சம் டாலர் போயிருக்கிறது. அந்த அளவு ஊரில் 58 லட்சம் என்பது பானையில் பாதி. மாதிரிக்கு எடுத்த கை எதைத் தொட்டாலும் இது தட்டுப்பட்டிருக்க வேண்டும்.

அந்தக் காலமெல்லாம் ஊர் எப்படி இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ரோடு போடப் பணம் இல்லை. ஊழியர்களுக்குச் சம்பள உயர்வு இல்லை. ஏன் என்று கேட்டால், மாநில அரசு தர வேண்டிய வரிப்பங்கு தாமதமாகிறது என்பார் கிரண்ட்வெல். இல்லினாய்ஸ் அரசு உண்மையிலேயே தாமதமாகப் பணம் தரும் அரசு என்பதால் பொய் நன்றாக ஒட்டிக்கொண்டது. மேயரும் நான்கு ஆணையர்களும் பகுதிநேரக்காரர்கள். அவர்களுக்கு ரீட்டா சொன்னதுதான் கணக்கு. தபாலைப் பிரிப்பவர், பணம் போடுபவர், காசோலை எழுதுபவர், வங்கிக் கணக்கோடு ஒத்துப்பார்ப்பவர் எல்லாம் ஒரே ஆள். இதை "ரொம்பத் திறமைசாலி, எல்லாவற்றையும் அவரே பார்த்துக்கொள்வார்" என்று பாராட்டியும் இருக்கிறார்கள்!

மாட்டியது தணிக்கையில் இல்லை. 2011-இல் குதிரைப் போட்டிகளுக்காக அவர் நீண்ட விடுப்பில் போனார். அவர் இடத்தில் வேலை பார்த்த நகர எழுத்தர் கேத்தி ஸ்வான்சன், வங்கியிடம் எல்லாக் கணக்குகளின் அறிக்கைகளையும் கேட்டு வாங்கினார். அதில் தெரியாத கணக்கு ஒன்று இருந்தது. மேயர் ஜேம்ஸ் பர்க்கிடம் காட்டினார், அவர் எஃப்.பி.ஐ.யிடம் போனார். மாதக்கணக்கில் இருவரும் வாயைத் திறக்காமல், தினமும் அந்த அம்மாவுக்கு வணக்கம் சொல்லிக்கொண்டு வேலை பார்த்ததை நினைத்தால் எனக்கு வியர்க்கிறது.

2013 பிப்ரவரியில் 19 ஆண்டுகள் 7 மாதங்கள் சிறைத் தண்டனை கிடைத்தது. அதே ஆண்டு இரண்டு தணிக்கை நிறுவனங்களும் வங்கியும் சமரசமாக 4 கோடி டாலர் கொடுத்தன. அதில் பெரிய நிறுவனத்தின் பங்கு மட்டும் 3 கோடியே 51 லட்சத்துக்கு மேல். குதிரை, நகை, வண்டி எல்லாவற்றையும் ஏலம் விட்டு வந்ததைவிட இது பல மடங்கு. 2021-இல் கிரண்ட்வெல் வீட்டுக் காவலுக்கு மாற்றப்பட்டார், 2024 டிசம்பரில் அதிபர் பைடன் மிச்சத் தண்டனையையும் குறைத்துவிட்டார். டிக்சன் கொதித்தது. எனக்கு அதில் பெரிய ஆத்திரம் இல்லை, அவர் எட்டு ஆண்டுகளுக்கு மேல் உள்ளே இருந்துவிட்டார்.

நான் கேட்பதெல்லாம் சின்ன விஷயம்தான். ஒவ்வொரு நகரத்தின் ஆண்டு அறிக்கையிலும் ஒரு பக்கம் கூடுதலாக வேண்டும். நகரத்தின் வரி எண்ணில் எந்தெந்த வங்கியில் எத்தனை கணக்குகள் இருக்கின்றன, யார் யார் கையெழுத்துப் போடலாம் என்ற பட்டியல். அதை நகராட்சியிடம் கேட்டு வாங்கக் கூடாது, ஆடிட்டர் வங்கியிடமே நேரடியாகக் கேட்டு வாங்க வேண்டும். அப்புறம், காசைத் தொடுகிறவருக்கு ஆண்டுக்கு இரண்டு வாரமாவது கட்டாய விடுப்பு. அந்த நாட்களில் வேறு ஆள் அந்த நாற்காலியில் உட்கார வேண்டும். நட்பு வட்டத்தில் ஆடிட்டர்கள் சிலர் இருக்கிறீர்கள். இதில் எது நடைமுறைக்கு ஒத்துவராது என்று சொல்லுங்கள், சண்டை போடத் தயார்.