மூன்று பொய்களும் ஒரு சக்கரப் பெட்டியும்

ஸ்பெயினின் வடக்கே, கான்டாப்ரியாவில், சாந்தியானா டெல் மார் என்று ஓர் ஊர். 'மூன்று பொய்களின் ஊர்' என்று ஸ்பானியர்களே கேலி செய்வார்கள். பெயரில் புனிதம் இருக்கிறது, சமதளம் இருக்கிறது, கடல் இருக்கிறது. ஊரில் மூன்றும் இல்லை. புனிதமும் கடலும் எப்படியோ போகட்டும். அந்த நடுப்பொய்தான் என் தோள்பட்டையைப் பதம் பார்த்தது.

பஸ் பழைய ஊருக்கு வெளியே இறக்கிவிட்டது. உள்ளே முழுக்க உருண்டைக் கற்கள் பதித்த தெரு. இரண்டு கற்களுக்கு நடுவே உள்ள இடைவெளி, என் பெட்டிச் சக்கரத்துக்கு அளவெடுத்தது போல இருந்தது. கடகடவென்ற சத்தம் கல்வீடுகளில் மோதித் திரும்ப, மரப் பலகணியில் பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த பாட்டி எட்டிப் பார்த்தார். அந்தப் பார்வையில் பரிதாபமே இல்லை. தினமும் என்னைப் போல் எத்தனை பேரைப் பார்க்கிறாரோ!

12ஆம் நூற்றாண்டின் சாந்தா ஹுலியானா தேவாலயத்துக்கு எதிரே ஒரு சக்கரம் கழன்று ஓடியது. தேவாலயம் எண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் தாங்கியிருக்கிறது. ஐந்தாண்டு உத்தரவாதம் தந்த பெட்டி எட்டு நிமிடம் தாங்கவில்லை.

சரி, சாப்பிட்டாவது ஆறுதல் அடையலாம் என்று போனால், மணி நான்கரை, அடுப்பை அணைத்துவிட்டார்கள். இரவுச் சாப்பாடு எட்டரைக்குத்தானாம். பெட்டியின் மேலேயே உட்கார்ந்துகொண்டேன். இன்னொரு சக்கரமும் போயிற்று.