தவணைக்குத் தவணை ஒரு முகம்

மலையகத்தில் ஒரு காணி வழக்குக்குச் சட்டத்தரணி பிடிப்பது, தங்கைக்கு மாப்பிள்ளை பார்ப்பதிலும் சிக்கலானது. மாப்பிள்ளையைப் பற்றியாவது நாலு பேரிடம் விசாரிக்கலாம். நாங்கள் செய்ததெல்லாம், நீதிமன்ற வாசலில் ஒருவர் கைகாட்டிய அறைக்குள் நுழைந்ததுதான். மொத்தச் செலவு எவ்வளவு என்று கேட்டதற்கு, "அதைப் பிறகு பார்த்துக்கொள்வோம்" என்ற பதிலோடு எங்கள் சார்பில் வழக்காட அவருக்கு அதிகாரம் தரும் ஒரு புரொக்சிப் பத்திரம் நீட்டப்பட்டது, அண்ணனும் கையெழுத்திட்டார்.

அதன்பின் ஒவ்வொரு தவணைக்கும், அன்றைய பேரை, அதாவது தோட்டத்து நாட்சம்பளத்தை இழந்து, தலவாக்கலையில் விடியற்காலை பஸ் ஏறி, குளிரில் காத்து நின்றால், கோப்பின் மேலட்டையையே அப்போதுதான் வாசிக்கும் ஓர் இளைய சட்டத்தரணி வந்து இன்னொரு தவணை வாங்கித் தருகிறார். கட்டணம் மட்டும் மூத்தவருடையது.

வழக்காடுபவர் தமிழிலும் மனுச் சமர்ப்பிக்கலாம், மொழிபெயர்ப்பும் பெறலாம் என்று அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை சொல்கிறது. எங்கள் மனுவோ சிங்களத்தில் இருந்தது. அதில் அப்பாவின் பெயர் இரண்டு விதமாக எழுதப்பட்டிருப்பதைப் பக்கத்து லயத்துப் பையன் வாசித்துச் சொல்லித்தான் அறிந்தோம். (அவன் உயர்தர மாணவன், கட்டணம் கேட்கவில்லை.)

வேறொருவரிடம் போகலாமென்றால், நீதிமன்ற அனுமதியோடு முதலில் அந்தப் புரொக்சியை இரத்துச் செய்ய வேண்டும். வறியவர்களுக்காக 1978ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைக்கப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழு இருப்பதையும், கையெழுத்து வைத்த பின்னரே ஒருவர் சொன்னார்.

போன தவணையில் பற்றுச்சீட்டு கேட்டேன். எழுதுவினைஞர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, சில்லறை இருக்கிறதா என்றார்.