ஷவரில் உப்பு
தண்டையார்பேட்டை வீட்டில் ஷவரைத் திறந்தாலே எரிச்சல் வருகிறது. போர் தண்ணீரில் அவ்வளவு உப்பு. ஒரு மாதம் போனால் போதும், துளைகள் வெள்ளையாகப் பூத்து அடைத்துக்கொள்கின்றன. ஒரு தாரை தோளில் விழுகிறது, இன்னொன்று சுவரில் அடிக்கிறது.

பிளம்பர் பார்த்ததும், "புதுசு மாத்திடுங்க" என்கிறார். எதற்கு? அது சுண்ணாம்புப் படிவுதானே, வினிகரில் கரைந்துவிடும். பிளாஸ்டிக் பையில் வெள்ளை வினிகர் ஊற்றி, ஷவர் முகம் மூழ்கும்படி ரப்பர் பேண்டால் கட்டினேன். பொடிப்பொடியாகக் குமிழி கிளம்பியது. ஒரு மணி நேரம் கழித்துப் பழைய டூத் பிரஷ், அப்புறம் ஊசி.

ஷவர் குழாயோடு சேரும் கழுத்தில் ஒழுகியதற்கு, நைந்த டேப்பை உரித்துவிட்டு, மரை முறுகும் திசையிலேயே டெஃப்ளான் டேப்பை நாலு சுற்று சுற்றினேன். சொட்டு நின்றது. ஆனால் தண்ணீர் மாறவில்லையே, அடுத்த மாதமும் இதே வேலைதான்.