பம்பை மாற்றுமுன் பைப்பைப் பாருங்க

விவசாயத்துக்கு ஆகும் கரண்ட் பில், டீசல் விலை பற்றி யாராவது புலம்பினால் போதும், "சோலார் போட்டுடுங்க, தொல்லை விட்டது" என்று நாலு பேர் வந்துவிடுகிறார்கள். எனக்கு சோலார் மேல் கோபம் எதுவும் இல்லை. ஆனால் ஓட்டைக் குடத்தோடு ஊற்றைத் தேடி அலைகிறோமோ என்று தோன்றுகிறது. நானும் அப்படி அலைந்தவன்தான்.

தண்ணீர் குறைவாக வருகிறது என்று 7.5 ஹெச்.பி. மோட்டாரைக் கழற்றிவிட்டு 10 ஹெச்.பி. மாட்டினேன். 200 லிட்டர் டிரம் முன்பு 32 நொடியில் நிரம்பியது, பிறகு 28 நொடி. நாலு நொடி லாபம். பில் மட்டும் நல்ல தாராளமாக ஏறியது. கோளாறு மோட்டாரில் இல்லவே இல்லை. 2 அங்குல பைப்பில் அத்தனை தண்ணீரையும் திணித்துக்கொண்டிருந்தேன். போதாக்குறைக்கு வழியெல்லாம் எல்போ என்கிற வளைவுகள், உறிஞ்சும் பைப்பின் அடியில் பாதி அடைத்துப்போன புட்வால்வு.

பைப்புக்குள் உராய்வு என்பது சாதாரண விஷயம் இல்லை. அதே அளவு தண்ணீரை 2 அங்குலத்துக்குப் பதில் 2.5 அங்குலத்தில் விட்டால் உராய்வு இழப்பு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகிவிடும். குறுகலான பைப்பில் பெரிய மோட்டார் போட்டால், கூடுதல் மின்சாரத்தில் பெரும்பங்கு உராய்வோடு மல்லுக்கட்டவே போய்விடும்.

கணக்குப் பிடிக்காதவர்களும் இதை மட்டும் பாருங்க. ஒரு ஏக்கரில் ஓர் அங்குல உயரம் தண்ணீர் நிற்க சுமார் 1 லட்சம் லிட்டர் வேண்டும். தண்ணீரைத் தூக்கும் உயரமும் உராய்வும் சேர்த்து மொத்த ஏற்றம் 30 மீட்டர் என்றால், இழப்பே இல்லாத பம்புக்கு 8 யூனிட்டுக்குச் சற்று மேல் போதும். மோட்டாரும் பம்பும் சேர்ந்து 50 சதவீதத் திறனில் ஓடினால் 17 யூனிட். இம்பெல்லர் (பம்புக்குள் சுழலும் சக்கரம்) தேய்ந்து, மோட்டார் காயிலைக் கண்டபடி ரீவைண்டிங் செய்து, 30 சதவீதத்தில் ஓடினால் 28. வயலுக்குப் பாய்ந்தது என்னவோ அதே தண்ணீர்தான். மண்வாய்க்காலில் கால்வாசி ஊறிப்போனால் அந்த 28 யூனிட்டிலும் 7 வீண். மண்ணுக்கு மேலே இலைதழையால் மூடாக்கு போட்டு ஒரு பாய்ச்சலை மிச்சப்படுத்தினால் மொத்தமும் மிச்சம். இறைக்காத தண்ணீருக்கு யாரும் பில் போடுவதில்லை.

மோட்டாரின் வேகத்தைக் குறைக்கும் டிரைவ் என்கிற கருவி பற்றியும் கேட்கிறார்கள். "வேகத்தை 20 சதவீதம் குறைத்தால் மின்சாரம் பாதியாகும்" என்று விற்கிறவர் சொல்வது மின்விசிறிக்குப் பெரும்பாலும் பொருந்தும். ஆழமான போர்வெல்லுக்குப் பொருந்தாது. அங்கே உயரம்தான் முக்கிய சுமை, வேகம் குறைந்தால் தண்ணீர் மேலேயே வராமல் போகலாம்.

டீசலுக்கு வந்தால், டிராக்டரில் லேசான வேலைக்கு மேல் கியர் போட்டு இன்ஜின் வேகத்தைக் குறைத்து ஓட்டுங்க. சக்கரம் எவ்வளவு வழுக்குகிறது என்றும் பாருங்க, 15 சதவீதத்தைத் தாண்டினால் டீசல் மண்ணைப் பறிக்கத்தான் போகிறது. அதைவிட, அந்த நாலாவது உழவு தேவையா என்று ஒருமுறை யோசிக்கலாம்.

யூரியாவையும் எரிசக்திச் செலவில்தான் நான் சேர்ப்பேன். பெரும்பாலும் இயற்கை எரிவாயுவிலிருந்துதான் அது வருகிறது. 2022-ல் உக்ரைன் போர் தொடங்கி எரிவாயு விலை எகிறியபோது உலகச் சந்தையில் உர விலையும் கூடவே எகிறியதை மறந்திருக்க மாட்டீர்கள். பயிர் சுழற்சியில் ஒரு பயறு வகை வந்தால் யூரியா தேவை குறைந்து அந்தச் செலவும் கொஞ்சம் இறங்கும்.

இனி சோலார். ஓட்டையை அடைத்தபின் போட்டால் பேனல் எண்ணிக்கையே குறையும். இன்னொரு பயம் எனக்கு உண்டு: வெயில் இலவசம் என்றால் மோட்டாரை அணைக்க யாருக்கும் மனசு வராது. நிலத்தடி நீர் இறங்கினால் அடுத்து ஒவ்வொரு லிட்டரையும் இன்னும் ஆழத்திலிருந்துதான் தூக்கணும்.

நான் பைப்பை 2.5 அங்குலமாக்கி, புட்வால்வைச் சுத்தம் செய்து, பழைய 7.5-யே திரும்ப மாட்டினேன். டிரம் 26 நொடியில் நிரம்புகிறது. அந்த 10 ஹெச்.பி. கொட்டகையில் சாக்கு போர்த்திக் கிடக்கிறது. வீட்டில் வருகிறவர்களுக்கெல்லாம் அதைக் காட்டிச் சிரிக்கிறார்கள்.